கலந்த விலையும் பிரித்த விலையும்: ஒருங்கமை சமன்பாடுகளின் சமூக வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

கணித வரலாற்றைப் பேரறிஞர் சிலரது கண்டுபிடிப்புகளின் கோவையாக எழுதும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. இலக்கிய வரலாற்றைப் புலவர் சரித்திரமாக எழுதிய வழக்கத்துக்கு அது உடன்பிறப்பு என்றே கூறலாம். 1931 இல் இலண்டனில் நடைபெற்ற விஞ்ஞான வரலாற்று மாநாட்டிலே, சோவியத் அறிஞர் போரிஸ் கெசன், நியூற்றனின் 'பிரின்சிப்பியா'வைப் பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் கப்பற்போக்குவரத்து, சுரங்கத்தொழில், பீரங்கிப் போர்முறை ஆகியவற்றோடு பொருத்திக் காட்டிய பின்னர் அவ்வழக்கம் ஆட்டங்கண்டது. ஆயினும் பெருநூல்களைப் பொறுத்து நிகழ்ந்த இம்மாற்றம் சிறு கணக்குகளை வந்தடையவில்லை. மூன்று பேனாவும் இரண்டு கொப்பியும் இன்ன விலை, இரண்டு பேனாவும் ஐந்து கொப்பியும் இன்ன விலை, ஒவ்வொன்றும் என்ன விலை என்று பாடநூல்கள் கேட்கும் கணக்குக்கு ஒரு வரலாறு உண்டென்பதே பலருக்குத் தோன்றுவதில்லை. பல பண்டங்களின் விலை ஒன்றாகக் கலந்து கூறப்பட்டவிடத்து ஒவ்வொன்றின் விலையையும் பிரித்தறியும் இக்கணக்கின் வரலாற்றையே இக்கட்டுரையில் நோக்க முயல்கின்றோம். கணக்கை விளக்குவது மட்டும் எமது நோக்கமன்று. அதனைச் செய்யக்கூடியவராயிருந்தோர் யார், செய்யவியலாது விடப்பட்டோர் யார் என்பதே எமது வினா.

கிடைக்கும் சான்றுகளுள் தெளிவானது சீனத்திலிருந்து வருவது. ஹான் பேரரசுக் காலத்தில் உருப்பெற்ற 'ஒன்பது அதிகாரக் கணிதக்கலை' என்னும் நூலின் எட்டாம் அதிகாரம் முழுவதும் இன்று ஒருங்கமை சமன்பாடுகள் என நாம் வழங்குவனவற்றைப் பற்றியது. பதினெட்டுக் கணக்குகள் அதில் உள்ளன. முதற்கணக்கு தானியக் கட்டுகளைப் பற்றியது. உயர்ந்த கதிர் மூன்று கட்டு, இடைத்தரம் இரண்டு கட்டு, கடைத்தரம் ஒரு கட்டு ஆகியன சேர்ந்து 39 அளவு தானியம் தருகின்றன. இரண்டு, மூன்று, ஒன்று எனச் சேர்த்தால் 34. ஒன்று, இரண்டு, மூன்று எனச் சேர்த்தால் 26. ஒவ்வொரு தரத்திலும் ஒரு கட்டு எவ்வளவு தரும்? கணக்கர் மூங்கிற் குச்சிகளைப் பலகைமீது நிரல்களாக அடுக்கி, ஒரு நிரலைப் பெருக்கி மற்றொன்றிலிருந்து கழித்து, தெரியாக்கணியங்களை ஒவ்வொன்றாக அகற்றி விடை காண்கின்றார். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஜெர்மானியக் கணிதர் கவுசின் பெயரால் ஐரோப்பா அறிந்துகொண்ட முறை சாராம்சத்தில் இதுவே.

அதே அதிகாரத்தில் வரும் சந்தைக் கணக்கொன்று எமது பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. ஒருவர் இரண்டு மாடும் ஐந்து ஆடும் விற்றுப் பதின்மூன்று பன்றி வாங்கினால் ஆயிரம் காசு மிஞ்சுகின்றது. மூன்று மாடும் மூன்று பன்றியும் விற்று ஒன்பது ஆடு வாங்கினால் கணக்கு நேராகின்றது. ஆறு ஆடும் எட்டுப் பன்றியும் விற்று ஐந்து மாடு வாங்கினால் அறுநூறு காசு போதாமற் போகின்றது. மாடு 1200, ஆடு 500, பன்றி 300 என்பது விடை. இங்கு விற்பது நேராகவும் வாங்குவது மறையாகவும் கொள்ளப்படுகின்றது. கி.பி. 263 இல் இந்நூலுக்கு உரை வகுத்த லியூ ஹுய், நேர்க்கணியத்துக்குச் சிவப்புக் குச்சியும் மறைக்கணியத்துக்குக் கறுப்புக் குச்சியும் பயன்படுத்தலாம் என்கின்றார். பதினெட்டாம் நூற்றாண்டிலுங்கூட ஐரோப்பிய அறிஞர் சிலர் மறை எண்ணைப் பொருளற்றதெனத் தள்ளிக் கொண்டிருந்தனர். சந்தையில் நின்றவனுக்கோ அது கொடுக்கவேண்டிய காசு, அவ்வளவுதான்.

எனினும் இதனைச் சந்தையின் கணிதமென்று மட்டும் கூறி அமைதல் பொருந்தாது. இந்நூலின் ஆறாம் அதிகாரத்தின் தலைப்பு, சீரான வரிப்பகிர்வு எனப் பொருள்படும். அதே பெயர் கொண்ட அரச நிறுவனமொன்று கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் சாங் ஹொங்யாங் என்னும் அமைச்சரின் முயற்சியால் இயங்கியது. உப்பும் இரும்பும் அரச ஏகபோகமாக்கப்பட்ட காலம் அது. அது குறித்து கி.மு. 81 இல் அரசவையிலே பெரும் விவாதமும் நடந்தது. தானியத்தைத் திறையாகக் கொள்வோனுக்கும் அதனை ஓரிடத்து வாங்கி வேறிடத்து விற்போனுக்கும் கலந்த தொகையைப் பிரித்தறிதல் இன்றியமையாத் தேவை. ஆகவே நூலின் குச்சிகள் வணிகன் கையிலிருந்ததிலும் அதிகமாக அதிகாரியின் கையிலேயே இருந்தன எனக் கொள்வது தகும். ஜோசப் நீட்ஹாம் சீன விஞ்ஞானம் முழுவதையும் பணித்துறை ஆட்சியின் பின்னணியில் வைத்து நோக்கியமை இவ்விடத்து நினைவுகூரத்தக்கது.

இந்தியாவிலே விலை பிரிக்கும் கணக்கு வேறொரு சூழலில் தோற்றமளிக்கின்றது. ஒன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷனின் காலத்திலே, கன்னட நாட்டில் வாழ்ந்த சமணக் கணிதர் மகாவீரர் 'கணித சார சங்கிரகம்' என்ற வடமொழி நூலை இயற்றினார். பதினோராம் நூற்றாண்டில் பாவுலூரி மல்லனர் அதனைத் தெலுங்காக்கினார். 1912 இல் சென்னையில் ரங்காசாரியார் ஆங்கில மொழிபெயர்ப்புடன் பதிப்பித்த பின்னரே அது பரவலாக அறியப்பட்டது. கலப்புக் கணக்குகளுக்கென மகாவீரர் தனி அதிகாரம் ஒன்றை ஒதுக்கியிருக்கின்றார். ஐகொளையை மையமாகக் கொண்ட ஐந்நூற்றுவர் வணிக கணம் தலையெடுத்து வந்த நாடு அது. பிற்காலத்தில் அக்கணத்தாரின் தமிழ்ச் சாசனங்கள் இலங்கையில் வாகல்கட, பதவியா ஆகிய இடங்கள் வரை காணப்படுகின்றன. சமண சமயத்துக்கும் வணிக வகுப்புக்குமிருந்த தொடர்பு விரித்துரைக்க வேண்டாதது. இச்சூழலிலே பிறந்த நூல் பழக்கடையைக் கணக்கின் களமாகக் கொண்டதில் வியப்பில்லை.

கணக்கு இது. மாதுலுங்கம் எனும் எலுமிச்சையினப் பெருங்கனி ஒன்பதும் மணமுள்ள விளாம்பழம் ஏழும் சேர்ந்து 107. மாதுலுங்கம் ஏழும் விளாம்பழம் ஒன்பதும் சேர்ந்து 101. கணக்கறிந்தவரே, இரண்டின் விலையையும் பிரித்து விரைவிற் கூறும் என்கின்றார் மகாவீரர். அவர் தரும் விதியும் சுருக்கமானது. பெரிய தொகையைப் பெரிய எண்ணாற் பெருக்குக. சிறிய தொகையைச் சிறிய எண்ணாற் பெருக்கி அதிலிருந்து கழிக்க. வருவதை இரு எண்களினதும் வர்க்கங்களின் வித்தியாசத்தால் வகுக்க. 963 இலிருந்து 707 போக 256. 81 இலிருந்து 49 போக 32. ஆகவே மாதுலுங்கம் ஒன்று 8. அவ்வாறே தொகைகளை மாற்றிப் பெருக்கின் 909 இலிருந்து 749 போக 160. விளாம்பழம் ஒன்று 5.

விதியை அறியாதவரும் வேறொரு வழியால் இதனைச் சரிபார்க்கலாம். இரு கொள்முதலையும் கூட்டினால் ஒவ்வொன்றிலும் பதினாறு பழங்களுக்கு 208. எனவே இரண்டிலும் ஒவ்வொன்று 13. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் இரு மாதுலுங்கம் இரு விளாம்பழத்திலும் 6 அதிகம். எனவே வித்தியாசம் 3. பதின்மூன்றையும் மூன்றையும் கொண்டு எட்டையும் ஐந்தையும் அடைதல் எழுத்தறியாத சந்தைக்காரிக்கும் இயலும். எண்கள் இவ்வளவு வசதியாக எதிரும் புதிருமாக அமைந்தமை ஆசிரியனின் கைவேலை என்பது வெளிப்படை.

இந்த 8 உம் 5 உம் அக்காலப் பழவிலையா? கணித நூல்களின் விலைகளைப் பொருளாதாரச் சான்றாகக் கொள்ளும் ஆசை புதியதன்று. அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த தியோபாந்தசின் கணக்கொன்றில் இருவகைத் திராட்சை மது அளவொன்று 8 திராக்மாவுக்கும் 5 திராக்மாவுக்கும் விலைபோகின்றது. பிரெஞ்சு அறிஞர் போல் தனரி அவ்விலைகளைக் கொண்டு அவ்வாசிரியரின் காலத்தையே கணிக்க முயன்றார். மகாவீரரின் பழத்துக்கும் தியோபாந்தசின் மதுவுக்கும் அதே எண்கள் வாய்த்திருப்பது இத்தகைய முயற்சியில் நாம் எவ்வளவு எச்சரிக்கையாயிருக்க வேண்டுமென்பதற்குப் போதிய அறிவுறுத்தல். சங்கச் செய்யுளில் வரும் யானைகளின் தொகையைக் கொண்டு படைப்பலம் கணிப்போருக்கும் இதனைச் சொல்லிவைக்கலாம்.

இக்கணக்கு நாளாந்தக் கொள்முதலைச் சரிபார்க்க எவ்வளவுக்கு உதவும் என்பதை இனிச் சற்று விரிவாக நோக்குவோம். இரு சிட்டைகளிலிருந்து இரு விலையை அறிந்தபின் மூன்றாஞ் சிட்டை ஒன்று வருகின்றது. இரு மாதுலுங்கமும் மூன்று விளாம்பழமும். எட்டும் ஐந்தும் மெய்யாயின் தொகை 31 ஆதல் வேண்டும். வணிகன் 33 கேட்பானாயின் ஏதோ பொருந்தவில்லை. ஆனால் எது பொருந்தவில்லை என்பதைக் கணக்கு கூறமாட்டாது. மூன்றாஞ் சிட்டை பிழையாகலாம்; முதலிரண்டில் ஒன்று பிழையாகலாம்; இடையில் விலை ஏறியிருக்கலாம். மூன்று சிட்டைகளும் ஒரே விலைப்பட்டியலிற் பிறந்தனவல்ல என்பது மட்டுமே நிறுவப்படுகின்றது. சரிபார்த்தலின் வலிமையும் எல்லையும் இதுவே. இரு சிட்டைகள் மட்டும் இருந்தால் இந்த அளவு சந்தேகத்துக்கும் பெரும்பாலும் இடமில்லை. ஏதோ ஒரு விலைச்சோடி அவற்றுக்குப் பொருந்தியே தீரும். விலை மறை எண்ணாக வந்தாலன்றி அவை தம்மளவிற் குற்றமற்றனவாகவே தோன்றும்.

சிட்டைகளின் எண்ணிக்கை கூடினாற் போதும் என்பதுமில்லை. இரண்டும் மூன்றும் 31, நான்கும் ஆறும் 62 என்ற இரு சிட்டைகள் ஒரு சிட்டைக்கு மேல் எதனையும் அறிவிப்பனவல்ல. நான்கும் ஆறும் 60 என்றிருப்பின் ஒன்றில் மொத்தக் கொள்வனவுக்குக் கழிவு தரப்பட்டிருக்கின்றது, அன்றேல் பிழை நேர்ந்திருக்கின்றது. இதனிலும் நுண்ணிய இடரொன்று உண்டு. முதற்சிட்டை ஒன்பதும் ஏழும் 107. இரண்டாவது பத்தும் எட்டும் 120 என்க. எட்டும் ஐந்துமே விடை. இப்போது 107 ஐ ஒரு காசு கூட்டி 108 ஆக்குவோம். மாதுலுங்கத்தின் விலை 12 ஆகிவிடுகின்றது, விளாம்பழம் இலவசம். ஒரே ஒரு காசு விலைகளைத் தலைகீழாக்கிவிடுகின்றது. மகாவீரரின் சோடியில் அதே ஒரு காசைக் கூட்டினால் விலைகள் ஏறக்குறைய 8.3, 4.8 என்ற அளவிலேயே அசைகின்றன. ஏறத்தாழ ஒரே விகிதத்தில் வாங்கப்படும் சிட்டைகள் விலையைப் பிரித்தறிய உதவா; மாறுபட்ட விகிதத்தில் வாங்கப்படுவனவே உதவும். வாரந்தோறும் அதே அரிசி, அதே பருப்பு, அதே சீனி என அளவு மாறாமல் வாங்கும் ஏழைக் குடும்பத்தின் சிட்டைகள் எவ்வகையின என்பதை வாசகர் ஊகித்துக்கொள்வர்.

சமன்பாடுகள் தெரியாக்கணியங்களிலும் குறைவாயிருக்கும் கணக்குகள் தனியொரு குடும்பமாகப் பழையவுலகெங்கும் உலவின. ஐந்தாம் நூற்றாண்டுச் சீனரான சாங் சியூஜியான் நூறு காசுக்கு நூறு கோழி வாங்கச் சொல்கின்றார்: சேவல் ஐந்து காசு, பேடு மூன்று காசு, குஞ்சு மூன்று ஒரு காசு. சேவல் 4, பேடு 18, குஞ்சு 78 எனவும், 8, 11, 81 எனவும், 12, 4, 84 எனவும் மூன்று விடைகள் தருகின்றார். மகாவீரரிடத்தில் இது புறாவும் அன்னமும் மயிலும் கொண்ட கணக்காகின்றது. எகிப்தைச் சேர்ந்த அபூ காமில் பறவைக் கணக்குகளுக்கென்றே ஒரு நூல் எழுதி, அவற்றுள் ஒன்றுக்கு 2676 விடைகள் உண்டெனக் கண்டார். அவரது மற்றொரு கணக்கில் தாரா ஐந்து திர்கம், கோழி ஒரு திர்கம், சிட்டுக்குருவி இருபது ஒரு திர்கம். நூறு திர்கத்துக்கு நூறு பறவை. விடை 19, 1, 80. சார்லமேன் பேரரசனின் அவையிலிருந்த அல்குயினின் பெயரால் வழங்கும் இலத்தீன் தொகுப்பில் வரும் வணிகன் ஒட்டகத்தை ஐந்து சொலிதுசுக்கும், கழுதையை ஒன்றுக்கும், இருபது ஆட்டை ஒன்றுக்கும் வாங்குகின்றான், நூறுக்கு நூறு. விடை மீண்டும் 19, 1, 80. அவ்வணிகன் கீழைத்தேயத்தில் வாங்கினானென்று அந்நூலே கூறுகின்றது.

நாட்டார் கதைகளின் பரவலை ஆராய்வோருக்கு இது பழகிய தோற்றப்பாடு. சட்டகம் நிலைத்து நிற்க, உயிரினங்கள் இடத்துக்கேற்ப மாறுகின்றன. யார் யாரிடமிருந்து எடுத்தனர் என்ற ஆராய்ச்சி அறிஞர் உலகிற் பெரும் மை செலவழித்திருக்கின்றது. வணிகப் பாதைகளில் நடந்தோர் இரவுத்தங்கலில் ஒருவர்க்கொருவர் போட்ட விடுகதை நூலேறியதென்று கொள்வதே எமக்கு இயல்பாகத் தோன்றுகின்றது. தமிழில் வாய்பாடு என்ற சொல் பெருக்கற் பட்டியலையும் மரபுத்தொடரையும் ஒருங்கே சுட்டுவது தற்செயலன்று. வீரயுகப் பாடல்களின் வாய்மொழி வாய்பாடுகள் குறித்து 1968 இல் வெளிவந்த தம் ஆங்கில நூலில் பேராசிரியர் கைலாசபதி ஆராய்ந்தார். கணக்குகளின் வாய்மொழி மரபு அத்தகைய கவனத்தை இன்னும் வேண்டி நிற்கின்றது.

அல்குயின் தொகுப்பிலுள்ள வேறொரு கணக்கை ஆய்வாளர் பறவைக் கணக்குகளோடு ஒன்றாகவே எண்ணிச் செல்வர். எமக்கு அது வேறு காரணத்தால் முக்கியமாகின்றது. குடும்பத் தலைவனொருவன் தன் ஏவலர் நூறு பேருக்கு நூறு மரக்கால் தானியம் பங்கிட ஆணையிடுகின்றான். ஆணுக்கு மூன்று, பெண்ணுக்கு இரண்டு, பிள்ளைக்கு அரை. ஆண் 11, பெண் 15, பிள்ளை 74 என்ற ஒரு விடையே நூலிற் காணப்படுகின்றது. ஆனால் ஆண் 2, பெண் 30, பிள்ளை 68 என்றாலும் கணக்கு நேராகும். 17, 5, 78 என்றாலும் நேராகும். மூவகையினரும் இருக்கத்தக்கதாக ஆறு விடைகள் உள்ளன. களஞ்சியக்காரன் பெயர்ப்பட்டியலை ஆறு விதமாக எழுதலாம். ஆட்தொகையும் தானியத் தொகையும் ஒவ்வொரு முறையும் நூறாகவே நிற்கும். மொத்தத்தை மட்டும் பார்ப்பவனுக்கு ஆறும் ஒன்றே.

பண்டமாற்றிலும் நாணயப் புழக்கத்திலும் நிகழும் அருவமாக்கமே அருவச் சிந்தனையின் விளைநிலம் என்பது ஜோர்ஜ் தொம்சன் தம் 'முதல் தத்துவவாதிகள்' நூலில் முன்வைத்த கருத்து. மாதுலுங்கத்தையும் விளாம்பழத்தையும் மணம், சுவை, பயன் எல்லாம் களைந்து வெறும் எண்ணாக்கி ஒரே தொகையில் அடக்குதல் முதலிற் சந்தையிலே செய்கையாக நிகழ்ந்தது. பின்னரே அது பலகையில் நிரலாயிற்று. இக்கருத்தை நாம் பெரிதும் ஏற்கின்றோம். எனினும் சீனச் சான்று காட்டுவதுபோல, பண்டப் பரிவர்த்தனை மட்டும் போதாது. தொகையைத் திரட்டும் அதிகாரமும் அதனை எழுதிவைக்கும் வகுப்பும் வேண்டியிருந்தன. இதனை மறந்தால் தொம்சனின் கருத்து ஒரு சூத்திரமாகக் குறுகிவிடும். மற்றொன்றும் கூறவேண்டும். சமன்பாடு விலையைப் பிரித்துத் தருகின்றது. விலை என்பது என்ன என்று கேட்பதில்லை. 20 யார் லினன் துணி ஒரு மேற்சட்டைக்குச் சமம் என்று 'மூலதன'த்தில் மார்க்ஸ் எழுதியதும் ஒரு சமன்பாடே. அங்கு தேடப்படும் கணியம் விலையன்று, அச்சமத்துவத்தை இயலச்செய்யும் மனித உழைப்பு. மகாவீரர் நின்ற இடத்திலிருந்து அந்த வினாவை எழுப்ப முடியாது.

தமிழ்நாட்டுக் கணித மரபில் காரிநாயனாரின் 'கணக்கதிகாரம்' முதலிடம் பெறுவது. நிலம், பொன், நெல், அரிசி முதலிய அளவைகளை அடிப்படையாகக் கொண்டே அந்நூல் தன் கணக்குகளை ஒழுங்குபடுத்துகின்றது. மூன்றின் விதியே அதன் முதுகெலும்பு. செந்தில் பாபு 2022 இல் வெளியிட்ட ஆய்வு இம்மரபினைத் திண்ணைப்பள்ளியின் எண்சுவடியோடும் கிராமக் கணக்கரின் தொழிலோடும் இணைத்துக் காட்டியுள்ளது. கணக்கு இங்கு சாதியோடும் உத்தியோகத்தோடும் பிணைந்த அறிவு; நெல்லை அளந்து கொடுப்போனிடம் அன்றி, அளந்து எழுதிக்கொள்வோனிடமே அது இருந்தது. 'பட்டினப்பாலை' காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைக் கொள்முதலிலும் விற்பனையிலும் நேர்மை பிறழாதோர் எனப் போற்றுவதை நாம் பெருமையோடு எடுத்துக்காட்டுவது வழக்கம். அந்நற்சான்று புலவன் வழங்கியது. வாங்கினோரின் குரல் அதில் இல்லை. 'அர்த்தசாத்திரம்' இவ்வகையில் மாயைகளற்றது: உள்நாட்டுப் பண்டத்துக்கு நூற்றுக்கு ஐந்தும் பிறநாட்டுப் பண்டத்துக்கு நூற்றுக்குப் பத்தும் என இலாபத்தை வரையறுத்து, நிறைகோல்களைக் குறித்த காலத்தில் சோதிக்கவும் அது ஆணையிடுகின்றது. நேர்மை இயல்பாகவே நிலவிய சந்தைக்கு அத்தகைய ஆணை வேண்டியதில்லை.

யாழ்ப்பாணத்திலே ஐரோப்பிய அட்சரகணிதம் 1823 இல் நிறுவப்பெற்ற வட்டுக்கோட்டைச் செமினறி வழியாக நுழைந்தது. அங்கு கற்ற கறல் விசுவநாதபிள்ளை 'வீசகணிதம்' என்ற பெயரில் அதனைத் தமிழில் எழுதி 1855 இல் வெளியிட்டார். நாவலரும் பாதிரிமாரும் நடத்திய கண்டனப் போரின் ஆரவாரத்தில் இந்நூல் இலக்கிய வரலாற்றாசிரியரின் கண்ணுக்குப் பெரிதும் தப்பிவிட்டது. தெரியாக்கணியத்தை எழுத்தாற் குறித்து வழிப்படுத்தும் முறை தமிழ் உரைநடைக்குள் வந்த நிகழ்ச்சி, செய்யுளால் விதி உரைத்த மரபிலிருந்து ஏற்பட்ட பெரும் முறிவு. ஆயினும் அக்கல்வியைப் பெற்றோர் பெரும்பாலும் அரசாங்க உத்தியோகத்தை நோக்கிச் சென்றனர். புதிய கணக்கறிவும் பழைய கணக்கறிவைப்போல எழுதிக்கொள்வோன் பக்கமே சேர்ந்தது.

எமது நாட்டு மக்கள் விலையைச் சரிபார்க்கச் சமன்பாடு வேண்டாதிருந்த காலமும் உண்டு. யுத்தகாலத்தில், 1942 இல், தொடங்கிய அரிசிப் பங்கீடு ஒரு பண்டத்துக்கு நாடெங்கும் அறிந்த ஒரே விலையை ஏற்படுத்தியது. 1953 இல் அவ்விலை கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது எவருக்கும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. தெரியாக்கணியம் அங்கில்லை. ஆகஸ்ட் 12 ஆம் நாள் ஹர்த்தால் வெடித்தது. பிரதமர் டட்லி சேனநாயக்க அவ்வாண்டிலேயே பதவி விலகினார். இதற்கு மறுதலையான நிலையை 2022 இற் கண்டோம். அவ்வாண்டு செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் ஆண்டுக்கு 94.9 வீதம். இரு சிட்டைகளிலும் விலை ஒன்றே என்பது மகாவீரர் சொல்லாமலே கொண்ட எடுகோள். அவ்வாண்டில் திங்கட்கிழமைச் சிட்டையையும் சனிக்கிழமைச் சிட்டையையும் ஒருங்கமைத்தல் வீண்வேலையாயிருந்தது. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையை நிறுவிய 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் குறித்த விலையை மீறி விற்பதைத் தண்டிக்க வல்லது. நாள்தோறும் புதிதாகக் குறிக்கப்பட்ட விலையின் முன் அது பெரிதும் உதவவில்லை.

மலையகத் தோட்டங்களின் கணக்கு இவ்விரண்டிலும் வேறானது. தமிழ்நாட்டிலிருந்து கங்காணிமார் திரட்டி வந்த தொழிலாளர், பயணச்செலவும் முற்பணமும் கடனாகத் தலையிலேற வேலையைத் தொடங்கினர். அரிசியைத் தோட்டமே வழங்கிப் பெறுமதியைச் சம்பளத்திற் கழித்துக்கொண்டது. வேலைசெய்த நாள் பேராகவும் அரைப்பேராகவும் பதியப்பட்டது. மாதக் கணக்கு முடியும்போது தொழிலாளி கண்டது கையில் வந்த காசை. அல்லது காசு வராமையை. கழிக்கப்பட்ட தொகையில் அரிசிக்கு எவ்வளவு, பழைய கடனுக்கு எவ்வளவு என்பது கலந்தே கிடந்தது. அரிசியின் அளவை அவள் அறிவாள், வாங்கியவள் அவளே. விலை தெரியாது, அம்மாதம் கடனுக்கென வெட்டப்பட்டதும் தெரியாது. ஒரு சமன்பாடு, இரண்டு தெரியாக்கணியம்.

அடுத்த மாதச் சம்பளம் இன்னொரு சமன்பாட்டைத் தரும். அரிசி விலை மாறாதிருந்ததென்றே கொள்வோம். ஆனால் அம்மாதக் கடன்வெட்டு வேறு; எனவே தெரியாக்கணியமும் ஒன்று கூடிவிடுகின்றது. பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு சமன்பாடு, பதின்மூன்று தெரியாக்கணியம். இருபது ஆண்டுக்கு 240, 241. எத்துணை நுட்பமான கணிதரை லயத்தில் குடியிருத்தினாலும் எந்நாளும் ஒன்று குறையும். சீனக் குச்சிகளும் மகாவீரரின் விதியும் இங்கு கையைவிரித்து நிற்கும். குறைந்த அந்த ஒரு சமன்பாடு தோட்டத்துப் பேரேட்டில் இருந்தது. கங்காணியின் கொப்பியிலும் இருக்கலாம். அதனைத் திறந்து காட்டுதல் கணிதத்தின் பாற்பட்டதன்று.

ஒரு தோட்டத்தை விட்டு வேறு தோட்டத்துக்குப் போகவிரும்பிய கங்காணிக் குழுவுக்குத் துண்டு எனப்பட்ட சீட்டு வழங்கப்பட்டது. இன்ன தொகையைச் செலுத்தினால் இவர்களை விடுவிப்போம் என்பதே அதன் வாசகத்தின் பொருள். புதிய தோட்டத்துரை அத்தொகையைச் செலுத்தி ஆட்களை ஏற்றார். கடனும் அவர்களோடு தோட்டம் மாறியது. 1921 இற் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை இம்முறை நீடித்தது. சீட்டில் எழுதப்பட்டிருந்தது மொத்தத் தொகை.